விழுவதைப் பார்க்கவா போகிறோம்?

'டவுன்ஹில்' என்னும் ஸ்கீ பந்தயத்தை நேரில் பார்க்கப் போவதைப் போன்ற நஷ்ட வியாபாரம் வேறு இல்லை. விடியற்காலையில் எழுந்து, ரயிலில் நெருக்கியடித்து மலை ஏறி, பனியில் தட்டுத் தடுமாறி நடந்து, மூன்று மணி நேரம் கால் விறைக்க நின்றால், ஒவ்வொரு வீரனும் நம் கண்ணில் படுவது நாலே விநாடி. ஐம்பது பேர் ஓடினாலும் மொத்தம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் காட்சி! வீட்டில் டெலிவிஷன் முன் உட்கார்ந்தவனோ ஆரம்பம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறான். அப்படியிருந்தும், சுவிட்சர்லாந்தில் வெங்கன் என்ற மலைக் கிராமத்துக்கு ஜனவரி மாதம் வந்தால் ஆயிரக் கணக்கில் ஜனங்கள் போகிறார்கள். பெர்ன் நகரில் வேலை பார்க்கும் என் மைத்துனன் மகன் அழைத்ததால் நானும் ஒரு தடவை போனேன்.

வெங்கனுக்கு மோட்டாரில் போக முடியாது. கீழே லௌட்டர்புருன்னனிலிருந்து பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும். குன்னூர் ரயிலில் போனவர்களுக்கு அந்தக் கடகடப்பு புதிதாக இராது. நம் நீலகிரி ரயிலின் பழைய எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தில் செய்தவைதாமே! அங்கே 1930 முதல் நடந்து வருவது லௌபர்ஹார்ன் பந்தயம். பாதையின் நீளம் ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர். உலகக் கோப்பை டவுன்ஹில் பாதைகளில் இதைவிட நீளமானது இல்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தைச் சுமார் இரண்டரை நிமிஷத்தில் இறங்கி முடிக்கிறார்கள். 2013இல் பிரெஞ்சு வீரர் ஜோஹன் கிளாரே இந்தப் பாதையில் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் போனார். விநாடிக்கு 45 மீட்டர்! அதுவும் ரயில் பெட்டிக்குள் சாய்ந்துகொண்டு அல்ல. காலில் கட்டிய இரண்டு பட்டைகளின் மேல்.

நாங்கள் நின்றது ஹுண்ட்ஷோப்ஃப் என்ற பாறை முனைக்குக் கீழே. பாறைகளுக்கு நடுவே குறுகலான ஒரு வாசல். அதற்கு அப்பால் பாதையே இல்லை போல் தோன்றுகிறது. திடீரென்று அந்த வாசலில் ஒரு மனிதன் வானத்தில் தென்படுகிறான். அடுத்த கணம் இறுகிய பனியில் ஸ்கீயின் விளிம்பு கீறும் 'கர்ர்ர்' என்ற ஓசை. பிறகு அவன் முதுகு. அதுவும் மறைந்துவிடுகிறது.

"டெலிவிஷனில் பார்த்தால் முழுசும் தெரியும், மாமா. இங்கே ஒன்றும் தெரியாதே?" என்றான் பையன்.

எனக்குத் தெரிந்தது வேறு. டெலிவிஷன் மலையைத் தட்டையாக்கிவிடுகிறது! அதில் சாய்வான ஒரு மைதானமாகத் தெரிவது, பக்கத்தில் நின்றால் மொட்டை மாடியின் விளிம்பு. பனியும் பஞ்சு அல்ல. நீர் பாய்ச்சிக் கெட்டியாக்கிய தரை. வீட்டில் நாற்காலியில் இருந்தபோது, "யாராவது விழுந்தால் சுவாரஸ்யமாக இருக்கும்" என்று என் மனசின் ஒரு மூலை நினைத்ததுண்டு. வெட்கம்தான், ஆனாலும் உண்மை. அந்தச் சரிவின் ஓரத்தில் நின்ற பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. நடுவில் ஒருவர் வழுக்கி வலையில் போய் மோதினார். அதுவரை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த பசு மணிகள் அத்தனையும் நின்றுவிட்டன. அவர் எழுந்து கையை உயர்த்திய பிறகுதான் மணிகள் மறுபடி அடித்தன. நான் மூச்சு விட்டதும் அப்போதுதான்.

எல்லாரும் எழுந்திருப்பதில்லை. 1991இல் ஆஸ்திரிய இளைஞர் கெர்னாட் ரைன்ஷ்டாட்லர், வயது 20, தகுதி ஓட்டத்தில் முடிவிடத்துக்குச் சற்று முன் விழுந்து, ஸ்கீ வலையில் சிக்கி, உயிர் இழந்தார். அவ்வருஷப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். 2024இல் நார்வே வீரர் அலெக்ஸாண்டர் ஆமோட் கில்டே விழுந்து படுகாயம் அடைந்ததும் கடைசி வளைவில்தான். இரண்டு நிமிஷத்துக்கு மேல் குனிந்தபடி பறந்து வந்தவனின் தொடைகள் ஓய்ந்துபோகும் இடம் அது. காசு கொடுத்தவர்களுக்கு மேடை போட்டிருப்பதும் அங்கேதான்!

2024இல் வெங்கனில் மூன்று நாளில் மூன்று வேகப் பந்தயங்கள் வைத்தார்கள். வேறோர் இடத்தில் ரத்தான பந்தயத்தையும் இங்கே கொண்டுவந்து சேர்த்ததன் பலன் அது. கில்டே விழுந்தது மூன்றாம் நாள். அன்று வென்ற சுவிஸ் வீரர் மார்கோ ஓடர்மாட்டும் மூன்று நாளும் ஓடியவர்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஒருவனால் முடிந்தது என்பதற்காக எல்லாருடைய காலையும் அதே தராசில் நிறுப்பது நியாயமா? பந்தயங்களை அடுக்கியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. டிக்கெட் வாங்கும் நாமும், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று டெலிவிஷன் முன் காத்திருக்கும் நாமும் அதில் கூட்டாளிகள். 2025இல் அங்கே ஒரே ஒரு டவுன்ஹில் வைத்தார்கள். அதுவே போதும் என்பேன். நாலு விநாடி பார்ப்பதற்கு மலை ஏறுகிறவன், மறுநாளும் அதே நாலு விநாடி கிடைக்கவில்லையே என்று அழப் போவதில்லை.

மறுபடி போனால் முடிவிடத்து மேடைக்கு டிக்கெட் வாங்க மாட்டேன். அதே பாறைக்குக் கீழேதான் நிற்பேன். கம்பளிக் காலுறை மட்டும் இன்னும் ஒரு ஜோடி வேண்டும்.