ஃப்ரீ டிக்கெட்டின் விலை

2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலைப் புதுச்சேரி அரசு உள்ளே விடவில்லை. காரணம், கப்பலில் இருந்த கேஸினோ. 2025 ஜூலையில் கார்டிலியா கப்பல் வந்தேவிட்டது. காரைக்காலிலும் துறைமுகம் இருக்கிறது. நாளைக்கு இங்கேயும் வரலாம்.

கலாசாரம் கெடுமா என்ற சண்டையை விடுங்கள். நான் படித்தது பி.காம். கணக்கு பார்ப்போம்.

எம்ப்ரஸ் முன்பு ராயல் கரீபியன் கம்பெனியின் கப்பல். அந்தக் கம்பெனியின் கேஸினோ திட்டப்படி, ஸ்லாட் மெஷினில் 5 டாலர் ஆடினால் 1 பாயிண்ட். வருஷத்தில் 2,500 பாயிண்ட் சேர்த்தால், ஜன்னலில்லாத அறையில் ஒரு பயணம் ஃப்ரீ! வரி தனி.

அதாவது 12,500 டாலருக்கு ஆடணும். நூற்றுக்கு எட்டை மெஷின் விழுங்குவதாக வைத்தாலும் 1,000 டாலர் போச்சு! நம் காசிலேயே டிக்கெட் எடுத்து நமக்கே பரிசு தருகிறார்கள். ஆடித் தள்ளுபடியிலாவது ஒரு சேலை மிஞ்சும்.

'ஜெயிக்கிறவங்களும் உண்டே சார்?' உண்டு. ஜெயித்தவன் எழுந்து போய்விடாமல் உட்காரவைக்கத்தான் இந்தப் பாயிண்ட்.

அரசியல்வாதிகளே, கப்பலை விடுவதோ தடுப்பதோ உங்கள் இஷ்டம். ஆனால், தள்ளுபடி என்று விளம்பரம் செய்தால், அதற்கு எவ்வளவு பந்தயம் கட்டணும், சராசரியாக எவ்வளவு தோற்கணும் என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

இலவசம் எதுவென்று காரைக்கால்காரர்களுக்குத் தெரியும். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பறந்து வருமே, அந்த மாம்பழம். அதைப் பிடிக்க யாரும் பாயிண்ட் சேர்ப்பதில்லை!