இரண்டு சென்டிமீட்டர், பத்து வாரம்

"கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர், உயிர் பிழைச்சா போதும்." கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டிலிருந்து முதலில் எழும் குரல் இது. பெரும்பாலும் அது நோயாளியின் குரல் அல்ல. அவளுக்குப் பிள்ளை இல்லையென்றால் அதே வீடு வேறு மாதிரிப் பேசும்: "வம்சம் என்னாவது?" எடுப்பதா, வைப்பதா என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. அவளிடம்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டுமானால், முதலில் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 1987இல் பிரான்சின் லியோன் நகரில் டேனியல் தார்ஜான் என்ற மருத்துவர், கருப்பையின் வாய்ப்பகுதியையும் அதைச் சுற்றிய திசுக்களையும் அகற்றி, கருப்பையை விட்டுவைக்கும் அறுவையைத் தொடங்கினார். டிரக்கெலெக்டமி என்று அதற்குப் பெயர். கட்டி பொதுவாக இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கக் கூடாது. அதன்பின் கருத்தரித்துப் பிள்ளை பெற்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அந்த அளவில் இருக்கும் கட்டி பெரும்பாலும் வலிக்காது. தேடினால்தான் அகப்படும். தேடுகிறோமா? 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 9.8 விழுக்காட்டினரே ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 1.9. பத்தில் ஒருத்தியைச் சோதித்துவிட்டு முதலிடம் என்று மார்தட்டுவது வெட்கக்கேடு. வழி தெரியாமலும் இல்லை. அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை, இந்த நோயால் வரும் சாவுகளை 35 விழுக்காடு குறைத்ததைத் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2007இலேயே காட்டியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து வேனில் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆரம்பச் சுகாதார நிலையம் திறந்திருக்கும் பகலில் அவள் மெஷின் முன்னால் நிற்கிறாள். நைட் ஷிப்ட் என்றால் தூங்குகிறாள். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. இரத்தப்போக்கு வந்தாலும் "சூடு, வேலை அலுப்பு" என்று தள்ளிப்போடுகிறாள். அதற்குள் கட்டி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது.

ஒருவேளை தாண்டவில்லை, அறுவையும் முடிந்து அவள் கருவுற்றாள் என்றே வைத்துக்கொள்வோம். கருப்பையைத் தாங்கி மூடியிருக்கும் வாய் இப்போது இல்லை. ஒரு தையல்தான் அந்த வேலையைச் செய்கிறது. நோய்த்தொற்றும், பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும், நான்காம் மாதத்துக்குப் பிறகு கரு கலைவதும், குறைப்பிரசவமும் மற்றக் கர்ப்பிணிகளைவிட அவளுக்கு அதிகம். பிரசவம் சிசேரியன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நிற்கும் வேலை தரக்கூடாது என்றது. எப்போதிருந்து? பிரசவத் தேதிக்கு ஏறத்தாழ பத்து வாரம் இருக்கும்போதிலிருந்து. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஆபத்து நான்காம் மாதமே தொடங்க, பாதுகாப்பு ஏழாம் மாதம் கடந்து வருகிறது. கர்ப்பத்தால் உடம்பு கெட்டால் அதிகபட்சம் ஒரு மாத விடுப்பு. கரு கலைந்தாலோ சம்பளத்தோடு ஆறு வாரம்! கலைந்தபின் இரங்குவதற்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு, கலையாமல் காக்க எழுதத் தெரியவில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளியோ, கர்ப்பத்தைச் சொன்னால் வேலை இருக்குமா என்ற பயத்தில் இந்தச் சட்டத்தையும் கேட்பதில்லை.

பிள்ளை பெறுவதுதான் பெண்ணின் நிறைவு என்று நான் வாதாடவில்லை. "வேண்டாம், முழுதாக எடுத்துவிடுங்கள்" என்று ஒருத்தி சொன்னால் அதுவே முடிவு. ஆனால் அவள் அறிந்து சொல்ல வேண்டும். தாமதமாகக் கண்டுபிடித்துவிட்டு "வேறு வழியில்லை" என்று அவள் கையெழுத்தை வாங்குவதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சோதனை தொழிற்சாலை வாசலுக்கு, வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல் வரட்டும். அறுவைக்கு முன் மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசட்டும். கர்ப்பம் ஆபத்தானது என்று மருத்துவர் எழுதித் தந்த நாளிலிருந்து உட்கார நாற்காலியும் ஓய்வும் சட்டப்படி கிடைக்கட்டும். தாய்மையைப் போற்றி மேடையில் பேசுகிறவர்கள் அந்த நாற்காலியை முதலில் போடட்டும்.