பதினெட்டு நிறையுமுன்

என் மகனுக்கு வயது 17. கார் ஓட்டும் உரிமம் பெற 18 நிறைய வேண்டும். இந்த இடைக்காலத்திற்கென்றே பழைய மாருதி 800 ஒன்றை மலிவாக வாங்கினேன். "மெக்கானிக்கிடம் விட்டால் இரண்டே நாளில் முடியுமே, ஐயா" என்கிறார்கள் சபையார். முடியும்தான்; ஆனால் பையன் ஸ்டியரிங்கை மட்டுமே அறிந்தவனாக வளருவான். அதை நான் விரும்பவில்லை.

சென்ற சனிக்கிழமை இருவருமாகப் பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினோம். உள்ளே பிரேக் லைனிங் நகத்தின் கனத்திற்குத் தேய்ந்திருந்தது. "இதை நம்பியா அப்பா, நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு போனீர்கள்?" என்றான். எனக்கு நா எழவில்லை. நிதானமாக ஓட்டும்படி நான் செய்த போதனைகள் எதுவும் அவனிடம் இக்கேள்வியை எழுப்பியதில்லை.

புதிய பிரேக் ஷூ மாட்டும்வரை சாவி அவனிடமே இருக்கிறது.