மகள் சாவகச்சேரிக்குப் போகட்டுமா?

 

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு உம்மா எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. அவருடைய மூத்த மகள் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்த கணித ஆசிரியை. அண்மையில் நியமனக் கடிதம் வந்திருக்கிறது. வீடே சந்தோசப்பட்டிருக்க வேண்டிய நாள் அது. ஆனால் கடிதத்தைப் பிரித்ததும் வீட்டில் அழுகைதான் கேட்டதாம். நியமனம் கிடைத்திருப்பது சாவகச்சேரியில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு.

"ஹஸ்ரத், 1990 ஆகஸ்டில் என் மூத்த காக்காவைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. அதே வருடம் நம்மவர்களை விரட்டிவிட்ட ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என் மகள் ஏன் படிப்பிக்க வேண்டும் என்று என் உம்மா கேட்கிறா. அங்கே அவள் உடுப்பைப் பற்றிப் பிரச்சினை வராதா? தேவாரம் பாடும்போது அவள் என்ன செய்வாள்? வேண்டாமென்று எழுதிக் கொடுத்து விடலாமா?" இது அவருடைய கேள்வி.

இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதல்ல. ஆசிரியைகளாகப் போகும் நம் பிள்ளைகள் பலருடைய வீடுகளில் இது எழுகிறது. எனவே எல்லோருக்குமாக இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சகோதரி, நான் பிறந்த ஊர் சாவகச்சேரிதான்.

ஒரு கணக்குக் கொப்பி

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றத் தொடங்கியபோது முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் எங்கள் ஊரவர்கள். மாத இறுதியில், 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தவர்களுக்கு இரண்டு மணி நேரமே அவகாசம் கொடுக்கப்பட்டது. வட மாகாணம் முழுவதிலுமாக 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். உம்மா உடுதுணிகளை மூட்டை கட்டினா. நான் என் கணக்குக் கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். எதற்காக என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது.

புத்தளம் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்த நாட்களில் வாப்பா என்னை ஒரு பாடசாலைக்குக் கூட்டிப் போனார். விடுகைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டையே விட்டுவிட்டு வந்தவர்களிடம் பத்திரத்துக்கு எங்கே போவது? எந்த வகுப்பில் படித்தான் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டும் என்றார் அதிபர். நான் கொப்பியை நீட்டினேன்.

அதில் என் வகுப்பு ரீச்சரின் சிவப்பு மை இருந்தது. அவர் நெற்றியில் திருநீறு பூசிய இந்துப் பெண்மணி. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, சரி, பிழை, கையொப்பம். நெடும் பிரித்தலில் நான் விட்ட பிழைக்குப் பக்கத்தில், அது எங்கே பிழைத்தது என்று ஓரத்தில் அவரே செய்து காட்டியிருந்தார். அதிபர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "இவன் ஐந்தாம் வகுப்புத்தான், உட்காரச் சொல்லுங்கள்" என்றார்.

ஊரை விட்டுத் துரத்தப்பட்ட எனக்கு அடுத்த பாடசாலையின் கதவைத் திறந்து கொடுத்தது அந்த ஊர் ஆசிரியை ஒருவரின் சிவப்பு மை. இதை நான் மறந்தால் நன்றி கெட்டவனாவேன்.

உங்கள் உம்மாவின் வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது உண்மையான வேதனை. ஆனால் அல்லாஹ் நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறான். ஸூரத்துல் மும்தஹினாவின் எட்டாவது ஆயத்தை எடுத்துப் பாருங்கள். மார்க்கத்துக்காக நம்மோடு போரிடாத, நம்மை நம் வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்றும், நீதியாளர்களை அவன் நேசிக்கிறான் என்றும் அது சொல்கிறது. உங்கள் மகளுடைய ஆறாம் வகுப்பில் உட்காரப் போகும் பிள்ளைக்குப் பதினொரு வயது. அது யாரை வெளியேற்றியது?

அந்தப் பிள்ளையின் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். 1995ஆம் ஆண்டு, அதே அக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு வந்தார்கள். பாடசாலைகளிலும் கோயில்களிலும் அடைந்து கிடந்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானது. மூட்டை கட்டி வீட்டை விட்டுப் போன கதை இரு பக்கத்து உம்மம்மாமாருக்கும் தெரியும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பத்ரில் பிடிபட்ட கைதிகளில் பணயம் கொடுக்க வசதியில்லாதவர்களை, மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை வரலாற்று நூல்களில் காண்கிறோம். நேற்று வாளேந்தி வந்தவர்களிடம் நம் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். கல்வி இரு பக்கமும் போகும் பாதை. நாம் பெற்றதுபோல் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள். பெண் கற்பிப்பதும் நமக்குப் புதிதல்ல. அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற பெண்மணி.

பயணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போதும் வரும்போதும் வாப்பாவோ சகோதரரோ கூடப் போகட்டும். யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பகுதியில் மீளக் குடியேறிய நம் குடும்பங்கள் இருக்கின்றன. நம்பிக்கையான ஒரு வீட்டில் தங்க ஒழுங்கு செய்யுங்கள். அங்கிருந்து சாவகச்சேரி கண்டி வீதியில் சுமார் 15 கிலோமீற்றர். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. அன்றாடம் போய் வரும் அந்தத் தூரம் சட்டம் 'ஸஃபர்' என்று கருதும் தூரமல்ல.

உடுப்பு விடயத்தில் பயம் நியாயமானது. 2018இல் திருகோணமலை ஸ்ரீ ஷண்முகா இந்து மகளிர் கல்லூரியில் அபாயா அணிந்து வந்த ஆசிரியைகளுக்கு எதிராகப் பெற்றோர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவர்கள் இடமாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளுடைய உரிமையை ஏற்றுப் பரிந்துரை செய்தது. 2022இல் ஆசிரியை ஒருவர் அங்கு திரும்பிச் சென்றபோது மீண்டும் பதற்றம் ஏற்பட்டது. இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது, பேச வேண்டியதை முதல் நாளைக்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பதுதான். வாப்பாவோடு போய் அதிபரைச் சந்திக்கட்டும். "நான் அணியும் உடை இது" என்று மரியாதையாகச் சொல்லட்டும். ஷரீஅத் கடமையாக்கியது மறைக்க வேண்டியதை மறைப்பதைத்தான். அதை அபாயாவிலும் நிறைவேற்றலாம். முழுக் கைச் சட்டையும் தலை மறைப்பும் சேர்ந்த சாரியிலும் முறையாக நிறைவேற்றலாம். நம் மூத்த ஆசிரியைகள் பலர் இப்படித்தான் சாரி அணிந்து படிப்பித்து ஓய்வு பெற்றார்கள். எதை அணிவது என்பதை உங்கள் மகள் தீர்மானிக்கட்டும். மறைப்பை மட்டும் எதற்காகவும் விட வேண்டாம்.

காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போது மரியாதையாக, மௌனமாக நிற்கலாம். பாடவோ கும்பிடவோ வேண்டியதில்லை. வாணி விழாவில் பூசைப் பொறுப்புக் கிடைத்தால், பிள்ளைகளை வரிசைப்படுத்தும் வேலையைத் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ரமழானில் நம் பாடசாலைகளுக்கு விடுமுறை. அங்கே விடுமுறை இராது. நோன்போடு பாடம் நடத்த வேண்டிவரும். அதற்கும் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

மூன்று பக்கத்து இழுப்பு

இதெல்லாம் தீர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை வரும். அது தமிழ்ப் பாடசாலையோ முஸ்லிம் பாடசாலையோ, புதிய ஆசிரியர் எல்லோருக்கும் பொதுவானது.

ஒரு பக்கம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்குச் செய்ய வேண்டும். ஆனால் பிள்ளைகள் சிலருக்குப் பெருக்கல் வாய்பாடே தெரியாது. இன்னொரு பக்கம் அலுவலகம். ஆசிரியர் வழிகாட்டியில் இந்த வாரம் இந்தத் தேர்ச்சி என்று இருக்கும். பாடக்குறிப்பு எழுத வேண்டும். ஆசிரிய ஆலோசகர் வந்து பார்ப்பார். தவணைப் பரீட்சை காத்திருக்காது. மூன்றாவது பக்கம் ஊர். "ரீச்சர், அடிச்சாவது படிப்பியுங்கோ" என்று ஒரு தாய் வருவார். "என் பிள்ளையை ஏன் ஏசினீங்க?" என்று இன்னொரு தாய் வருவார்.

இந்த மூன்றும் அமானிதம். ஒன்றுக்காக மற்றதைக் கைவிட முடியாது. ஆனால் மூன்றுக்கும் நடுவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. எதைச் செய்வது என்று தெரியாத வேளையில் அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானித்தால் பெரும்பாலும் பிழைக்காது.

பாடவேளையில் முதல் பத்து நிமிடத்தை வாய்பாட்டுக்கு ஒதுக்கட்டும். பிறகு பின்னம். தென்மராட்சி மாம்பழமும் பலாப்பழமும் விளையும் பூமி. ஒரு கறுத்தக்கொழும்பானை நான்காக வெட்டிக் காட்டினால் கால் என்றால் என்ன, முக்கால் என்றால் என்ன என்று பிள்ளைக்கு நாக்கிலேயே தெரியும். பாடக்குறிப்பில் நடத்தியதை நடத்தியபடி எழுதட்டும். நடத்தாத பாடத்தை நடத்தியதாக எழுதுவது பொய். நியமனக் கடிதம் ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஸூரத்துல் மாயிதா தொடங்கும்போதே அல்லாஹ் ஏவுகிறான். ஆலோசகர் வந்தால், "சேர், இத்தனை பிள்ளைகளுக்கு வாய்பாடு தெரியாது. அதற்காக இப்படிச் செய்கிறேன்" என்று பதிவைக் காட்டட்டும். குறையை மறைப்பவருக்கு ஆலோசனை சொல்ல யாராலும் முடியாது.

அடியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு நியமனம் கிடைத்த முதல் வருடம் ஒரு மாணவனைப் பிரம்பால் அடித்தேன். ஸூராவை மனனம் செய்து வரவில்லை என்ற கோபம். அவனுடைய உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறா, ஓதிக் காட்டினால் கேட்க வீட்டில் ஆளில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் நன்றாக ஓதினான். ஆனால் என் முகத்தைப் பார்த்து ஓதியதே இல்லை. அந்தக் கீழ்நோக்கிய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற ஹதீஸைப் பலர் எடுத்துக் காட்டுவார்கள். அபூதாவூதில் வரும் ஹதீஸ் அது. அதன் முன்பாதியையும் பாருங்கள். ஏழு வயதில் ஏவச் சொல்கிறது. இடையில் மூன்று வருடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பது யார்? அதிலும் முகத்தில் படக்கூடாது, காயம் ஏற்படக்கூடாது என்று சட்ட அறிஞர்கள் கடும் நிபந்தனை விதித்தார்கள். அது தொழுகை பற்றிப் பொறுப்பாளர்களுக்குச் சொன்னது. கணக்குப் பிழைத்ததற்கு அதை ஆதாரமாக்குவது நியாயமல்ல. தொழுகையின் நடுவே அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஏசவில்லை, அடிக்கவில்லை, கடுகடுக்கவில்லை என்று அவரே சொல்வதை ஸஹீஹ் முஸ்லிமில் படிக்கிறோம். கடுமையாக நடத்தப்படும் மாணவன் உற்சாகம் இழந்து பொய்யும் வஞ்சகமும் பழகிக்கொள்கிறான் என்பதை இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் ஒரு தனி அத்தியாயமாகவே விளக்கியிருக்கிறார்.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவானது. 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்தது. ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. ஆகவே தாய்மார்களே, "அடித்துப் படிப்பியுங்கள்" என்று எந்த ஆசிரியரிடமும் சொல்லாதீர்கள். அவரைக் குற்றத்துக்குத் தள்ளுகிறீர்கள். பிள்ளை வீட்டில் எப்போது தூங்குகிறது, யாரிடம் வளர்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று சொல்லுங்கள். ஆசிரியருக்கு வேண்டியது அதுதான். குறை இருந்தால் முதலில் அவரிடமே பேசுங்கள். தெருவில் பேசியதற்குப் பிறகு அதிபரிடம் போவதால் யாருக்கும் நன்மையில்லை.

அஸீஸ் அவர்களை நினையுங்கள்

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர். பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. 1948இல் அந்தப் பெரிய பதவியை விட்டு விலகிக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். இந்து ஆசிரியர்களிடம் படித்த ஒரு முஸ்லிம் பிள்ளையால் முழுச் சமூகமும் பயன்பெற்றது. இன்று ஒரு முஸ்லிம் ஆசிரியையிடம் படிக்கும் இந்துப் பிள்ளை நாளை என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்?

சகோதரி, மகள் போகட்டும். உங்கள் உம்மாவிடம் என் ஸலாத்தைச் சொல்லுங்கள். அவருடைய மகனுக்காக நான் துஆச் செய்கிறேன் என்றும் சொல்லுங்கள். மகளின் பையில் குர்ஆனையும், தொழுகைப் பாயையும், ஒரு சிவப்பு மைப் பேனையையும் வைத்து அனுப்புங்கள். கொப்பியில் பிழை கண்டால் வெறும் கோடு போட்டு விடாமல், எங்கே பிழைத்தது என்று ஓரத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். எனக்கு அந்த ஊரில் அப்படித்தான் படிப்பித்தார்கள்.

யா அல்லாஹ், கற்பிக்கப் போகும் எங்கள் பெண் மக்களின் ஈமானையும் மானத்தையும் பாதுகாப்பாயாக. அவர்களுடைய நாவில் நீதியையும் கையில் இரக்கத்தையும் வைப்பாயாக. வீடிழந்த எல்லோருக்கும் அமைதியைத் தருவாயாக. ஆமீன்.