பஞ்சாலைத் தொழிலாளர் பெறும் சிகிச்சையின் பலனை அளவிடுவது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தார், கோயம்புத்தூர்.
பெறுநர்: இ.எஸ்.ஐ. மருத்துவ நிர்வாக அதிகாரிகள் சமூகம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பிக்கப்பட்டு 1955-இல் எங்கள் கோவைக்கு வந்த இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம், நோய் கண்டால் நகையை அடகு வைப்பதன்றி வேறு கதியறியாதிருந்த ஆலைத் தொழிலாளருக்குப் பேருபகாரமாக அமைந்ததென்பதை முதற்கண் நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு நாங்களும், 3 ரூபாய் 25 காசு முதலாளிமாரும் செலுத்திவரும் இத்திட்டத்தின் பலன் எவ்விதம் கணக்கிடப்படுகிறது என்பது பற்றியதே இவ்விண்ணப்பம்.

பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், அதைச் சீவும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து உழைப்பவருக்கு, வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுவதும், அடுத்த நாட்களில் அது தணிவதும், பிஸினோஸிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோயின் ஆரம்ப லட்சணமென்பது வைத்தியர்கள் அறிந்த விஷயமே. அவ்விதம் டிஸ்பென்சரிக்கு வருபவரின் சீட்டில் ‘இருமல்’ என்றெழுதி மூன்று நாள் மாத்திரை கொடுத்தனுப்பினால், மறுவாரமும் அதே கிழமையில் அதே இருமலோடு அவர் வரிசையில் வந்து நிற்கிறார். நான்கு வாரம் வந்தால் ஏட்டில் நான்கு சிகிச்சைகள் ஏறுகின்றன. குணம் ஒன்றுகூட இல்லை. இத்தகைய எண்ணிக்கையை ஆதாரமாகக் கொண்டு சேவை விருத்தியடைந்ததென்று கூறுவதை நாங்கள் ஏற்பதற்கில்லை.

இவ்விதம் வெறும் ‘இருமல்’ என்றெழுதுவதால் எங்களுக்குப் பண நஷ்டமும் உண்டு. சாதாரண நோயென்றால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். சட்டம் தொழில்நோயாக அங்கீகரித்துள்ள பஞ்சுத்தூசி நோயென்று நிர்ணயமாகி வேலை செய்ய இயலாது போனாலோ, 90 சதவீதம் பெற உரிமையுண்டு.

ஆகையால், நெஞ்சுக் கோளாறுடன் வருபவர் எந்தப் பிரிவில் வேலை செய்கிறார், எந்தக் கிழமையில் உபத்திரவம் அதிகம் என்பவற்றைச் சீட்டிலேயே எழுதவும், தூசிப் பிரிவுகளில் உள்ளோருக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சுப் பரிசோதனை நடத்தி இரண்டையும் ஒப்பிடவும் உத்தரவிட வேண்டுகிறோம். குணமடைந்து வேலைக்குத் திரும்பியோர் எத்தனை பேர், அதே நோயுடன் மீண்டும் வந்தோர் எத்தனை பேர், தொழில்நோயென்று நிர்ணயிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்ற கணக்கைப் பெயர் குறிப்பிடாமல் ஆண்டுதோறும் ஆலைவாரியாக வெளியிடவும் வேண்டும். நோய் தெரிந்தால் வேலை போய்விடுமென்ற பயத்தால் இருமலை மறைப்போர் எங்களில் அநேகர். ஆதலின், பரிசோதனை முடிவைக் காரணங்காட்டி எவரையும் நீக்கலாகாதென்றும், தூசியில்லாத பிரிவுக்குச் சம்பளம் குறையாமல் மாற்றவேண்டுமென்றும் ஆலை நிர்வாகங்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்கப்படாவிடில் இவ்வேற்பாடுகள் அனைத்தும் வீணாகும் என்பது எங்கள் திடமான அபிப்பிராயம்.

இவை பற்றி நேரில் விளக்கமளிக்க எங்கள் பிரதிநிதிகளுக்குத் தேதி குறிப்பிட்டுத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்க நிர்வாகிகள்