கடகட கத்தியும் கட்டுப் போட்ட விரலும்

மடக்குக் கத்தி கடகடன்னு சத்தம் போட்டா உடனே ஸ்க்ரூவை முறுக்காதீங்க. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மீதியெல்லாம் என் சொந்தக் கதை, சோகக் கதை. அவசரத்துல இருக்கறவங்க இந்த ஒரு வரியோட நகர்ந்துக்கலாம் :-)

பலாப்பழ சீசன்ல நண்பனோட பெரியப்பா வீட்டுக்கு நெல்லிவாசல்நாடு போயிருந்தேன். ஜவ்வாது மலை தெரியாதவங்களுக்கு: திருப்பத்தூர்லேர்ந்து மலையேறினா புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடுன்னு மூணு. பேருதான் நாடு, மூணும் ஊராட்சிகள். 2019-ல வேலூர் மாவட்டத்தைப் பிரிச்சப்போ திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வந்தாச்சு. சாமை, பலா, புளி, தேன் எல்லாம் உண்டு. பஸ் ஒவ்வொரு வளைவுல திரும்பும்போதும் என் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள கத்தி கடகட, கடகட. பக்கத்து சீட்டு அம்மா ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தாங்க. மானம் போச்சு.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையா, மொபைல் பிரிக்கிற நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அலகு சுழல்ற அச்சு ஸ்க்ரூவை நல்லா ஒரு முறுக்கு முறுக்கினேன். அலகு டைட்டாச்சு. பெருமையா ஆட்டிப் பார்த்தா சத்தம் அப்படியே இருக்கு! சரி போகட்டும்னு அதே கத்தியால பலாப்பழம் வெட்ட உட்கார்ந்துட்டேன். பெரியப்பா ஒரு மாதிரி பார்த்துட்டு, "மடங்குற கத்திய வச்சா தம்பி பலா வெட்டுறது?"ன்னு கேட்டார். சிரிச்சு மழுப்பினேன். எண்ணெய் தடவியும் பலாப் பால் அச்சுக்குள்ள போய்ப் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு.

மறுநாள் காலையில ஒரு மூங்கில் துண்டுல ஓட்டை போடணும். கத்தியைத் திறந்தேன். திறந்த மாதிரிதான் இருந்தது. வழக்கமா வர்ற 'டக்' வரலைங்கறது மட்டும் மனசுல ஓரமா பதிஞ்சது, கண்டுக்கலை. முனையை வச்சு அழுத்தினேன், அலகு மடங்கி ஆள்காட்டி விரல்ல இறங்கிடுச்சு. மஞ்சள் வச்சுக் கட்டினாங்க. அன்னிக்கு சாயங்காலமே திருப்பத்தூர் இறங்கி டிடி ஊசி போட்டுக்கிட்டு திரும்பினேன். ஆழமில்லை, தப்பிச்சேன்.

என்ன நடந்ததுன்னு அப்புறம்தான் திண்ணையில உட்கார்ந்து யோசிச்சேன். என்னோடது உள்தகடு பூட்டு வகை. அலகு முழுசா திறந்ததும், பிடிக்குள்ள இருக்கற வில் மாதிரியான தகடு பக்கவாட்டுல நகர்ந்து அலகோட அடிப்பகுதிக்குப் பின்னால முட்டுக்கொடுத்து நிக்கும். அதுதான் பூட்டு. அலகு கடைசி வரைக்கும் திறக்கலைன்னா தகடு நகர இடமில்லை. நான் அளவுக்கு மீறி முறுக்கினது பாதி, பலாப் பால் காய்ஞ்சது மீதி. அலகு ஒரு மயிரிழை முன்னாடியே நின்னுடுச்சு. பூட்டே விழலை. ஆக, கடகட கத்தி வெறும் சத்தம் போட்டுக்கிட்டிருந்தது; அதை ஆபத்தான கத்தியா மாத்தினது நான்.

ஆட்டம் வேற, சத்தம் வேற. நம்மாளுங்க ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறோம். கத்தியைத் திறந்து, முனைக்குக் கொஞ்சம் கீழே பிடிச்சு இடம் வலமா ஆட்டிப் பாருங்க. ஆடினா அச்சு தளர்ந்திருக்கு, இல்லை வாஷர் தேய்ஞ்சிருக்கு. இதுக்குத்தான் அச்சு ஸ்க்ரூ. அதையும் கால் திருப்பு கூட இல்லாம, அரைக்கால் அரைக்காலா திருப்பி, ஒவ்வொரு தடவையும் திறந்து 'டக்' கேக்குதான்னு பார்க்கணும். மேலும் கீழுமா ஆடினா அது பூட்டுல உள்ள தேய்மானம். அச்சை எவ்வளவு முறுக்கினாலும் போகாது. அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்கவே கூடாதுங்கறது என் கட்சி. இதுல சமரசம் கிடையாது.

சத்தம் மட்டும்னா காது வைத்தியம். மடக்கி வச்சு காதோரம் ஆட்டணும். பெருவிரலால அலகு முதுகை அழுத்திக்கிட்டு ஆட்டணும். சத்தம் நின்னா அலகு. நிக்கலைன்னா பிடியில இருக்கற ஒவ்வொரு பாகமா அழுத்திக்கிட்டே ஆட்டிக்கிட்டு வரணும். நான் பாக்கெட்டுல மாட்டற கிளிப்பை அழுத்தினதும் சத்தம் நின்னுடுச்சு. மூணு ஸ்க்ரூல ஒண்ணு எங்கேயோ விழுந்திருக்கு, ஒண்ணு பாதி கழண்டிருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. இதுக்காக விரலைக் கிழிச்சுக்கிட்டேன்!

முதல்ல அச்சைத் தளர்த்தி, பலாப் பாலைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சு எடுத்து, மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைச்சேன் (தேங்காய் எண்ணெயை அப்படியே உள்ளே விட்டுட்டா நாளாக அதுவே பிசினாயிடும்). அப்புறம் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கிளிப்புல மிச்சமிருந்த ரெண்டு ஸ்க்ரூவும் திரும்பக் கழலாம இருக்க மரையில ஏதாவது வைக்கணும். கடையில நீல நிற மரைப் பசை கிடைக்கும், மலையில எங்கே போறது? வீட்டுப் பொண்ணோட நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. ரோஸ் கலர். இன்னிக்கு வரைக்கும் பிடிச்சு நிக்குது. அச்சுக்குப் பக்கத்துல மட்டும் இந்தப் பசைகளைத் தாராளமா விட்டுடாதீங்க, வாஷர்ல இறங்கினா கத்தி கல்லாயிடும்.

ஸ்க்ரூவே இல்லாம ரிவிட் அடிச்ச கத்தின்னா இன்னும் ஜாக்கிரதை. முறுக்கின ஸ்க்ரூவைத் தளர்த்தலாம், அடிச்ச அடியைத் திரும்ப வாங்க முடியாது. கூல்ட்ரிங்க்ஸ் டின்லேர்ந்து மெல்லிசா ஒரு தகடு வெட்டி, அலகுக்கும் பிடிக்கும் நடுவுல செருகிட்டு, ரிவிட்டோட ஒரு தலையைப் பட்டடையில வச்சு மறு தலையை உருண்டைத் தலை சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டணும். தட்டிட்டுத் தகட்டை உருவிட்டா அந்த இடைவெளியில அலகு சுழலும். நம்ம ஊர் ஆசாரிகிட்டக் குடுத்தா டின் தகடே இல்லாம காதாலயே அளந்து தட்டுவார். தெரியாதவங்க அவர்கிட்டயே போறது நல்லது.

ஓபினல் கத்தியில கதையே தலைகீழ். 1890-ல பிரான்ஸோட சவாய் மலைப்பகுதியில பிறந்த விவசாயிக் கத்தி அது. மரப்பிடிங்கறதால மழைக்காலத்துல ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கும், வெயில்ல காய்ஞ்சா ஆடும். 1955-ல சேர்த்த பூட்டு வளையம் லூஸானா அதுவே கிணுகிணுக்கும். குறடால லேசா ஒரு அமுக்கு போதும். இதெல்லாம் கோளாறே இல்லை, மரத்தோட சுபாவம். இதைப் பார்த்து ரிவிட்டை அடிச்சுவச்சா மழைக்காலத்துல கத்தியைத் திறக்கப் பல்லுதான் வேணும்.

"சத்தம் வந்தா தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கு"ங்கற கோஷ்டி, "முறுக்கு, இன்னும் முறுக்கு"ங்கற கோஷ்டி, ரெண்டு மேலயும் எனக்கு ஒரே கோபம்தான். ரெண்டு பேருமே எங்கேர்ந்து சத்தம் வருதுன்னு கேக்கறதில்லை.

கிளம்பற அன்னிக்கு பெரியப்பாவோட கொடுவாளைக் கையில வாங்கிப் பார்த்தேன். காம்பு லேசா ஆடுது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "அரக்கு விட்டுப் போச்சி, அவ்ளோதான்"னார். காம்பைக் கழட்டி, வாளோட வாலை அடுப்புல காய்ச்சி, ஓட்டைக்குள்ள அரக்குத் துண்டு போட்டு, சூடா இறக்கித் தரையில ரெண்டு குத்து. ஆறினதும் ஆட்டிப் பார்த்தேன், அசையலை. அதுல அச்சும் இல்லை, பூட்டும் இல்லை, கிளிப்பும் இல்லை. என் கத்தியைக் காட்டி, "இத பழம் தின்ன வச்சிக்க தம்பி"ன்னார்.

டிஸ்கி: இறங்கும்போது பஸ்ல பாக்கெட் சத்தமே போடலை. பஸ்தான் கடகடத்தது. காணாம போன மூணாவது ஸ்க்ரூ, வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போது பேன்ட் பாக்கெட் மூலையில கிடைச்சது.