13 வெறும் டிக்கெட்தான்: டி அண்ட் டியில் இரண்டு வகுப்பு மந்திரவாதி எந்தத் திறனை உயர்த்தணும்?

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பெரும்பாலும் 7ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்படுவது. பாறை முழுக்க வரிசை வரிசையாக ஸ்வரங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிற ஒருவர் அதன் முன்னால் போய் நின்றால் அவருக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இது ஸ்பெல்புக்!

அப்படியே ஒரு கதாபாத்திரத்தை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். பாறையில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, நகலெடுத்து, அதிலிருந்து மந்திரம் கற்றவள். அந்த வகையில் அவள் விசார்ட். அதே மலையடிவாரக் கோயிலில் விளக்கேற்றி வளர்ந்தவள், சாமியின் அருளும் அவளுக்கு உண்டு. ஆக, கிளெரிக்கும்கூட. கதையாகக் கேட்க அருமை. கேரக்டர் ஷீட்டில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். விசார்ட்டுக்கு இன்டெலிஜென்ஸ் வேண்டும், கிளெரிக்குக்கு விஸ்டம் வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பெரிய எண். அதை எதில் போடுவது?

"ரெண்டுலயும் சமமாப் போடு" என்பதுதான் புதிதாக ஆடுபவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பதில். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தப்பான பதில்.

எண் எங்கே வேலை செய்கிறது?

பால்டர்ஸ் கேட் 3 மூலமாக இந்த உலகத்துக்குள் வந்தவர்கள் நிறைய. அவர்களுக்காக ஒரு நிமிட விளக்கம். 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் கொண்டுவந்த மேசை விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். தாயக்கட்டைக்குப் பதில் இருபது முகப் பகடை. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஆறு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 10 என்றால் சராசரி. 12க்கு +1, 14க்கு +2, 16க்கு +3, 18க்கு +4 என்று போனஸ் ஏறும்.

மந்திரம் போடும்போது எதிரி அதிலிருந்து தப்பிக்க ஓர் இலக்கு உண்டு. 8 + புரொஃபிஷியன்ஸி + திறன் போனஸ். இதுதான் டிசி. இங்கே கவனிக்க வேண்டியது: விசார்ட் வகுப்பில் கற்ற மந்திரத்துக்கு இன்டெலிஜென்ஸ் போனஸ், கிளெரிக் வகுப்பில் கற்றதற்கு விஸ்டம் போனஸ். இரண்டையும் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள், சராசரியும் எடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது வகுப்புக்குள் நுழைய 2014 விதிப்புத்தகத்திலும் சரி, 2024ல் வந்த திருத்தப் பதிப்பிலும் சரி, இரண்டு வகுப்புகளின் முக்கியத் திறனும் குறைந்தது 13 இருக்க வேண்டும். (பால்டர்ஸ் கேட் 3ல் இந்த நிபந்தனையே கிடையாது. அதில் பழகிவிட்டு மேசைக்கு வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.) இந்த 13ஐப் பார்த்ததும் இரண்டையும் நல்லா வளர்க்கணும் போல என்று நினைத்துவிடுகிறார்கள். 13 என்பது பஸ் டிக்கெட் மாதிரி. ஏற விடும், அவ்வளவுதான்.

குடுமியான்மலைக்காரியின் கணக்கு

பாயின்ட் பை முறையில் 27 புள்ளிகள் கொடுப்பார்கள். 13 வாங்க 5 புள்ளி, 14க்கு 7, 15க்கு 9. இரண்டையும் 15 ஆக்கினால் 18 புள்ளி காலி. மிச்சம் 9ல் மற்ற நான்கு திறன்களையும் தேற்ற வேண்டும். கான்ஸ்டிட்யூஷனுக்கு 14 வாங்கினால் 7 போய்விடும், பாக்கி 2. டெக்ஸ்டெரிட்டி 10லேயே நிற்கும். முதல் அம்பு பட்டதும் மந்திரம் கலையும், இரண்டாவது அம்பில் ஆளே கலைந்துவிடுவாள்.

மாறாக இன்டெலிஜென்ஸ் 15, விஸ்டம் 13 என்றால் 14 புள்ளிதான் செலவு. பாக்கி 13 புள்ளியில் டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிட்யூஷன் 13 வாங்கலாம், ஒரு புள்ளி மிச்சம்கூட இருக்கும். 2024 விதிப்படி சேஜ் பின்னணியை எடுத்தால் இன்டெலிஜென்ஸுக்கு +2, கான்ஸ்டிட்யூஷனுக்கு +1. முதல் நாளே 17ம் 14ம் கையில்.

இதுகூடச் சின்ன வித்தியாசம்தான். உண்மையான அடி பிறகு விழும்.

திறன் எண்ணை உயர்த்தும் வாய்ப்பு கதாபாத்திரத்தின் மொத்த லெவலுக்கு வருவதில்லை, ஒரு வகுப்பின் லெவலுக்கு வருகிறது. விசார்ட்டில் 4 தொட்டால் ஒன்று, கிளெரிக்கில் 4 தொட்டால் ஒன்று. ஆறாவது லெவலில் மூன்று மூன்றாகப் பிரித்து வைத்திருப்பவருக்கு இதுவரை கிடைத்தது? பூஜ்யம். இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஸ்லாட்டுகள் மொத்த லெவலுக்கு ஏற்ப வந்துவிடும், அதாவது மூன்றாம் நிலை ஸ்லாட் கையில் இருக்கும். ஆனால் மூன்றாம் நிலை மந்திரம் ஒன்றுகூடத் தெரியாது, ஏனென்றால் எந்த வகுப்பிலும் 5 தொடவில்லை. ஃபயர்பாலும் இல்லை, ஸ்பிரிட் கார்டியன்ஸும் இல்லை. பெரிய டிபன் கேரியர், உள்ளே தயிர் சாதம் மட்டும்.

அதே ஆறாவது லெவலில் விசார்ட் 5, கிளெரிக் 1 என்று வைத்தவள்? விசார்ட் 4லேயே வார் காஸ்டர் எடுத்திருப்பாள். 2024 பதிப்பில் அது இன்டெலிஜென்ஸையும் ஒன்று கூட்டும், ஆக 18. டிசி 8 + 3 + 4 = 15. ஃபயர்பாலும் வந்தாச்சு.

அவளுடைய கிளெரிக் டிசி? விஸ்டம் 13க்கு போனஸ் +1தான், ஆக 12. எதிரிக்கு +2 இருந்தால் டிசி 15ல் அவன் தப்பிக்க வாய்ப்பு 40 சதவீதம், டிசி 12ல் 55 சதவீதம். பாதிக்கு மேல் தப்பிக்கிறான்.

13 வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விஸ்டத்தைக் கேட்காத மந்திரங்களை எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மல்டிகிளாஸ் உண்மையிலேயே ருசிக்கும்.

பிளெஸ் மந்திரத்துக்கு டிசியே கிடையாது. மூன்று பேருக்கு ஒரு நான்முகப் பகடை கூடுதல், 13 விஸ்டம் உள்ளவள் போட்டாலும் 20 உள்ளவள் போட்டாலும் அதே பலன். அந்தக் காலி டிபன் கேரியர் இப்போது உதவும்: மூன்றாம் நிலை ஸ்லாட்டில் போட்டால் ஐந்து பேருக்குப் போய்ச் சேரும். ஷீல்ட் ஆஃப் ஃபெய்த், டிடெக்ட் மேஜிக், கைடன்ஸ் எல்லாமே இப்படித்தான். ஹீலிங் வேர்டில் விஸ்டம் போனஸ் சேரும், ஆனால் மயங்கிக் கிடக்கும் நண்பரை எழுப்ப ஒரு புள்ளி உயிர் போதும். அதற்கு 13 தாராளம். போதாக்குறைக்கு ஒரே ஒரு கிளெரிக் லெவலுக்கு மீடியம் ஆர்மரும் கேடயமும் அணியும் உரிமை வேறு.

அனுபவசாலிகளே கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. ஹோல்ட் பர்சன் விசார்ட் பட்டியலிலும் இருக்கிறது, கிளெரிக் பட்டியலிலும் இருக்கிறது. எந்த வகுப்பின் பெயரில் தயார் செய்கிறோமோ அந்த வகுப்பின் திறன்தான் கணக்கு. பிற்பாடு கிளெரிக்கில் மூன்று லெவல் ஏறினாலும் இவள் அதை விசார்ட் மந்திரமாகவே எழுதி வைக்க வேண்டும். ஷீட்டில் ஒரு வரி மாற்றி எழுதினால் மூன்று டிசி போச்சு.

2014 விதியில் தினமும் எத்தனை மந்திரம் தயார் செய்யலாம் என்பதும் திறன் போனஸைப் பொறுத்தது. 2024 பதிப்பு அதை வகுப்பு லெவலுக்கு ஏற்ற நிலையான எண்ணாக்கிவிட்டது. இரண்டாவது திறனைத் தாழ்வாக வைப்பவருக்கு இது லாபம்.

கஞ்சிராவும் மிருதங்கமும்

இரண்டு வகுப்பிலும் சமமாகப் பெரிய ஆளாக முடியவே முடியாதா? முடியும், இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருந்தால். இதற்கும் புதுக்கோட்டையிலேயே ஆள் இருக்கிறார்.

கர்நாடகக் கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் பெயர் பெற்றவர். கஞ்சிராவை ஒரு கை பிடிக்கும், ஒரு கை வாசிக்கும். மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். விரல் பழக்கமே வேறு. ஆனால் இரண்டையும் தாங்குவது ஒரே லயம், ஒரே கணக்கு. லயத்தில் ஏறிய ஒவ்வொரு படியும் இரண்டு வாத்தியத்திலும் கேட்கும். அந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இரண்டையும் வாசித்தவர்தான்.

டி அண்ட் டியில் கிளெரிக்கும் ட்ரூயிடும் அப்படி. இரண்டுக்கும் விஸ்டம். பார்ட், சார்சரர், வார்லாக் மூன்றுக்கும் கரிஸ்மா. ஓர் எண்ணை உயர்த்தினால் இரண்டு பக்கமும் டிசி ஏறும். (வகுப்பு லெவல் தாமதம் மட்டும் இங்கேயும் போகாது.)

இதைச் சொன்னதும் யூடியூப் பில்ட் வீடியோக்கள் எல்லாம் கரிஸ்மா பக்கம் ஓடும். சார்சரரையும் வார்லாக்கையும் ஒட்டு, பாலடினையும் சார்சரரையும் ஒட்டு. கணக்கு சரிதான், பழுது இல்லை. ஆனால் அதற்காகக் குடுமியான்மலைக்காரியைப் பேச்சால் மயக்குகிறவளாக மாற்றணுமா? தேவையில்லை. எழுத்துதான் அவள் கதையின் உயிர் என்றால் இன்டெலிஜென்ஸ் உயரட்டும், கோயில் ஒரு லெவலாக இருக்கட்டும். சாமிதான் உயிர் என்றால் விசார்ட்டை விட்டுவிட்டு கிளெரிக்கோடு ட்ரூயிடைச் சேர்க்கலாம். குளமங்கலம் அய்யனார் கோயில் முன்னால் நிற்கும் பிரம்மாண்டக் குதிரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதாபாத்திரத்தை விளக்கவே வேண்டாம்.

எதற்கு இவ்வளவு யோசனை, விளையாட்டுதானே என்று கேட்கலாம். வேலைக்குப் போகும் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஒதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததுதான். ஒரு கதை மாதக்கணக்கில் ஓடும். ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் எதிரி தப்பித்துக்கொண்டே இருந்தால், அந்த நண்பர் ஒருநாள் 'இன்னைக்கு வரல, வேலை இருக்கு' என்று மெசேஜ் போடுவார். அதற்கடுத்த வாரம் மெசேஜும் வராது.

புத்தக விலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 2023 ஜனவரியில் இருந்தே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மல்டிகிளாஸ் விதிகளும் பிளெஸ், ஃபயர்பால், ஹோல்ட் பர்சன் எல்லாமும் அதிலேயே உண்டு. போனில் திறந்து படிக்கலாம்.

இன்னொன்று. பால்டர்ஸ் கேட் 3ல் வித்தர்ஸிடம் 100 தங்கக் காசு கொடுத்தால் கதாபாத்திரத்தை முதலில் இருந்து மாற்றி எழுதித் தருவார். மேசையில் அந்த வித்தர்ஸ் கிடையாது, டிஎம் மட்டும்தான் இருப்பார். முதல் நாள் ஷீட் எழுதும்போதே அவரிடம் கேட்டுவிடுவது நல்லது: "நாலு வாரம் ஆடிப் பார்த்துட்டு நம்பரை மாத்திக்கலாமா?"